கடல்பாதையில் மூன்றாவது ஆள்

“அப்பா, பின்னாடி இருக்கிற அத்தைக்கு மட்டும் ஏன் பெல்ட்டைக் கழட்டி விடல?”

என் மகள் லோரே ஏழு வயதில் ஒருமுறை இப்படிக் கேட்டாள். அப்போது நாங்கள் உறைந்த கடலின் நடுவே காரில் போய்க்கொண்டிருந்தோம். காரில் இருந்தது நானும் அவளும் மட்டும்தான்.

அப்படிக் கேட்டதே தனக்கு நினைவில்லை என்று இப்போது சொல்கிறாள். நினைவில்லாமல் இருப்பதே நல்லது.

அது மார்ச் மாதத்தின் மூன்றாவது வாரம். ஹாப்சாலு மருத்துவமனையில் லோரேயின் தொண்டைச் சதையை எடுத்திருந்தார்கள். ஒரு வாரத்துக்கு வாய்விட்டுப் பேசக் கூடாது, கிசுகிசுப்பாகத்தான் பேச வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். எங்கள் வீடு கடலுக்கு அந்தப் பக்கம், பிஹ்லா தீவில். என் மனைவி கைரி நிறைமாதமாக அங்கே இருந்தாள். காற்று உடைத்துக் குவித்த பனிக்கட்டிகள் துறைமுகத்தை அடைத்துவிட்டதால் கப்பல் நான்கு நாட்களாக ஓடவில்லை. மிச்சம் இருந்தது கடல்பாதை. உறைந்த கடலின் மேல், இரு பக்கமும் ஜூனிப்பர் புதரின் கிளைகளை நட்டு அடையாளம் வைத்த ஒன்பது கிலோமீட்டர் வழி. பனிக்கட்டி இளகத் தொடங்கியிருந்ததால் அன்று பிற்பகல் மூன்று மணிக்கு அதையும் மூடப்போவதாக வானொலியில் சொன்னார்கள்.

மூடிவிட்டால், கடல் முழுதும் உருகிக் கப்பல் வரும் வரை நான் இந்தக் கரையில், கைரி அந்தக் கரையில்.

இரண்டரை மணிக்குக் கரையோரக் காவல் கொட்டகைக்கு வந்து சேர்ந்தோம். காவலர் எவால்ட் கையில் தேநீர்க் குவளையோடு வெளியே வந்தார். அறுபதை நெருங்கிய மனிதர். எங்கள் தீவில் எல்லோரையும் சிறு வயதிலிருந்து அறிந்தவர்.

“ஏன்டா ராய்வோ, வேற நாளே கிடைக்கலையா உனக்கு? மூடுபனியைப் பாரு, பால்ல மாவு கரைச்ச மாதிரி நிக்குது.”

“கைரிக்கு வலி ஆரம்பிச்சிடுச்சாம், எவால்ட் அண்ணே. காலையில போன் வந்துச்சு. மருத்துவச்சி கூடவே இருக்காங்க.”

“அப்ப போய்த்தான் ஆகணும். மூத்தவ பிறந்தப்ப நீ மீன் ஏலத்துல நின்னுட்டிருந்தவன். இந்தத் தடவையாவது நேரத்துக்குப் போய்ச் சேரு. இல்லன்னா கைரி மீனோட சேர்த்து உன்னையும் புகையில தொங்க விட்டுருவா.” சிரித்துவிட்டுக் காருக்குள் குனிந்து பார்த்தார். “குட்டி தூங்குதா?”

“ஆபரேஷன் ஆன பிள்ளை. மருந்து மயக்கம்.”

“தூங்கினாலும் பெல்ட்டைக் கழட்டிடு.”

மற்ற சாலைகளில் பெல்ட் போடாவிட்டால் அபராதம். கடல்பாதையில் போட்டால்தான் குற்றம். பனிக்கட்டி உடைந்தால் வெளியே பாய்வதற்கு இரண்டு மூச்சு நேரம்தான் கிடைக்கும். அதனால்தான் பிள்ளைகளையும் முன்னால் உட்கார வைப்போம். ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போவோம். மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, தாண்டினால் பனிக்கட்டிக்கு அடியில் அலை கிளம்பும். முக்கியமாக, வழியில் நிற்கக் கூடாது. எது நடந்தாலும் நிற்கக் கூடாது.

நான் லோரேயை எழுப்பாமல் அவள் பெல்ட்டை விடுவித்தேன். பிறகு என்னுடையதையும். பின் இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு ரொட்டிப் பை, கைரி கேட்ட குழந்தைத் துணிகள் கொண்ட அட்டைப்பெட்டி. வேறு எதுவும் இல்லை.

எவால்ட் வாக்கி-டாக்கியில் அக்கரைக் காவலாளி வைக்கேயைக் கூப்பிட்டார். “வைக்கே, ஒரு கார், ரெண்டு பேர். இதுதான் கடைசி. இவன் போனதும் நான் வழியை மறிச்சுக் கயிறு கட்டிடறேன்.” என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். “ஆண்டவர் துணை, தம்பி. கிளையை விட்டுக் கண்ணை எடுக்காதே.”

சக்கரங்கள் கடலில் இறங்கின.

முதல் ஒரு கிலோமீட்டர் வரை கரையின் பைன் மரங்கள் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் தெரிந்தன. அப்புறம் அவையும் இல்லை. முன்னால் ஒரு ஜூனிப்பர் கிளை வெள்ளைக்குள்ளிருந்து கறுப்பாக முளைக்கும். கடந்து போகும். அடுத்தது முளைக்கும். பனிக்கட்டியின் மேல் விரற்கடை ஆழத்துக்கு நீர் தேங்கியிருந்தது. சக்கரத்தில் அது துணி கிழிவது போன்ற ஓசையோடு பிரிந்தது. அடியில், வெகு ஆழத்தில், பனிக்கட்டி தனக்குத்தானே முனகியது. அது இயல்புதான். கடல்பாதையில் பழகியவர்களுக்கு அந்த முனகல் பயமில்லை. முனகல் நிற்கும்போதுதான் பயம்.

மூன்றாவது கிலோமீட்டரில் முனகல் நின்றது.

அதோடு ஒரு வாடை வந்தது. நனைந்த கம்பளி, கடற்பாசி, பழைய உப்பு. திறந்த ஜன்னல் வழியாக வருகிறது என்று நினைத்தேன். ஆனால் காற்று முகத்தில் அடித்தது. வாடையோ பிடரிப் பக்கமிருந்து வந்தது.

வண்டியின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. யாரோ ஏறி உட்கார்ந்தது போல.

லோரே கண் விழித்தாள். தலையைத் திருப்பி, இருக்கைகளின் இடைவெளியில் சற்று நேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, டாக்டர் சொன்னபடியே மெல்லிய குரலில், அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“எந்த அத்தைடா?” என்றேன். என் குரலும் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

“பச்சைக் கோட்டு அத்தை. விரலெல்லாம் நீலமா இருக்கு. பெல்ட் கழட்ட வரலையாம்.”

நான் பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன்.

பின் இருக்கையில் யாரும் இல்லை.

ஆனால் அந்த இருக்கையின் பெல்ட் இழுபட்டுப் பூட்டியிருந்தது. தளர்ந்து தொங்கவில்லை. ஒரு மார்பின் மேலும் ஒரு வயிற்றின் மேலும் படிந்து வளைந்திருந்தது. அது மெல்ல ஏறி இறங்கியது, மூச்சு விடுவது போல.

பச்சைக் கோட்டு.

பதினோரு வருடமாக நான் யாரிடமும் சொல்லாத ஒன்று, அந்தக் காருக்குள் எங்களோடு வந்துகொண்டிருந்தது.

அதற்குப் பதினோரு வருடம் முன்னால், இப்போது எவால்ட் நின்ற அதே கொட்டகையில் நான் காவலனாக இருந்தேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அதுவும் ஒரு மார்ச் மாதம்தான். உர்மாஸ் என்ற டாக்சிக்காரர் வந்தார். பின் இருக்கையில் ஹில்யா அக்கா, எங்கள் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். தலைநகர் தாலினில் தன் தங்கையைப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கண் விழித்துப் பார்த்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தார். பச்சைக் கோட்டைப் போர்வையாக இழுத்துப் போட்டு, வாயைக் கொஞ்சம் திறந்தபடி, குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார். கோட்டின் மடிப்புக்கு அடியில் பெல்ட் தெரிந்தது.

எழுப்பி அதைக் கழட்டச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். கையைக்கூட நீட்டினேன். அந்த முகத்தின் களைப்பைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

“தூங்கட்டும், விடுங்க,” என்று உர்மாஸிடம் சொன்னேன். “எல்லாம் சரியா இருக்கு. போங்க.”

பார்க்க வேண்டியவன் பார்த்துவிட்டான் என்று நம்பி அவர் போனார். ஆறாவது கிலோமீட்டரில் பனிக்கட்டி உடைந்தது. உர்மாஸ் வெளியே வந்தார். அக்கா வரவில்லை. விசாரணையில் என்னைக் கேட்டார்கள். “எல்லாரும் பெல்ட்டைக் கழட்டியிருந்தாங்க” என்றேன். அப்படியானால் வழியில் பெல்ட்டைப் போட விட்டது டிரைவர்தான் என்று பழி முழுவதும் உர்மாஸ் தலையில் விழுந்தது. அவர் ஊரை விட்டே போனார். லோரேயோடு போன இந்தப் பயணத்துக்குப் பிற்பாடு நான் அவருக்கும் விசாரித்தவர்களுக்கும் உண்மையை எழுதினேன். அதற்குரிய தண்டனையையும் ஏற்றுக்கொண்டேன். ஆனால் அந்த மார்ச் மாத மதியத்தில் நான் இன்னும் அந்தப் பொய்யோடுதான் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

“அப்பா, நான் பின்னாடி போய் அவங்களுக்குக் கழட்டி விடட்டுமா?” லோரே எழுந்து இருக்கையில் மண்டியிட்டாள். “பாவம்ப்பா, குளிருதாம்.”

“வேண்டாம்! முன்னாடி பாரு. கதவுக் கைப்பிடியைப் பிடிச்சுக்கோ.”

“ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்தினா நீங்களே...”

“நிறுத்தக் கூடாது, கண்ணு. இங்க நிறுத்தக் கூடாது.”

அவள் உட்கார்ந்தாள். கண்ணில் நீர் தளும்பியது. என்னைக் கல்நெஞ்சக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் தாங்கிக்கொண்டேன். ஒருமுறை இரக்கப்பட்டதன் பலன்தான் பின்னால் உட்கார்ந்திருந்தது.

வண்டி மேலும் தாழ்ந்தது. சக்கரத்தின் கீழ் நீரின் ஓசை கனத்தது. விரற்கடை ஆழம் இருந்த இடத்தில் இப்போது ஒரு சாண் நீர்.

கிலோமீட்டர் பலகை ஒன்று கடந்து போனது. ஐந்து.

அடுத்த கிளைக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை.

இன்னும் கொஞ்சம் போனேன். வெள்ளை. முன்னால் வெள்ளை, பக்கத்தில் வெள்ளை, எது நீர், எது மூடுபனி, எது வானம் என்று பிரித்துச் சொல்ல முடியாத வெள்ளை. இளகிய பனிக்கட்டியில் கிளைகள் சாய்ந்து விழுந்திருக்க வேண்டும். வேகத்தைக் குறைத்தேன். நிற்க முடியாது. நிற்காமல் போகவும் வழி தெரியாது. கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லத் தொடங்கி, பாதியில் வார்த்தை தவறி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

அப்போது இடது பக்கம் நீருக்கு அடியில் இரண்டு கோடுகள் தெரிந்தன. சக்கரத் தடங்கள். ஒரு வண்டி போன பாதை. தெளிவாக, நேராக, அழைப்பது போல நீண்டிருந்தது.

நன்றி ஆண்டவரே என்று ஸ்டீயரிங்கை இடது பக்கம் திருப்பினேன்.

“அந்தப் பக்கம்தான் நாங்க போனோம்.”

மெல்லிய குரல். காதுக்கு வெகு அருகில்.

“யார் போனாங்க, லோரே?” என்று கேட்டபடி அவளைப் பார்த்தேன்.

லோரே இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

குரல் மறுபடி வந்தது. அதன் மூச்சு என் பிடரியில் ஈரமாகப் பட்டது.

“திருப்பு, தம்பி.”

திருப்பினேன். வலது பக்கம், எந்தத் தடமும் இல்லாத வெறும் வெள்ளைக்குள். பின் சக்கரம் ஒருமுறை சறுக்கியது. பின்னால் ஓர் ஓசை எழுந்தது. பெரிய மிருகம் ஒன்று தண்ணீரை விழுங்குவது போல, ஒரே ஒரு மிடறு. கண்ணாடியில் பார்த்தேன். ஒரு கணத்துக்கு முன் நாங்கள் இருந்த இடத்தில் பனிக்கட்டி ஒரு பலகையாகச் செங்குத்தாக எழுந்து, மெதுவாகச் சாய்ந்து, கறுப்பு நீருக்குள் போனது.

அதே கண்ணாடியில், பூட்டிய பெல்ட் இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் ஓட்டினேன் என்று தெரியவில்லை. மூடுபனிக்குள் ஒரு மஞ்சள் விளக்கு ஆடியது. வைக்கே கையில் விளக்கோடு பனிக்கட்டியின் ஓரம் வரை வந்து நின்றிருந்தாள். சக்கரம் கூழாங்கல்லில் ஏறியது.

“அட பாவி மனுசா, அரை மணி நேரமா உயிரைக் கையில பிடிச்சுட்டு நிக்கறேன்!” வைக்கே ஜன்னல் வழியாகக் கையை விட்டு லோரேயின் கன்னத்தைத் தட்டினாள். “போ, சீக்கிரம் போ. உன் பொண்டாட்டி கத்துற கத்தல்ல தேவாலய மணி தானா அடிச்சுடும் போல.” பிறகு வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோனாள். “எவால்ட், வந்து சேர்ந்தாச்சு. ஒரு கார், மூணு பேர்.”

கரகரப்புக்கு நடுவே எவால்டின் குரல் கேட்டது. “ரெண்டு பேர்தானே அனுப்பினேன்?”

“மூணு பேர். எனக்கு எண்ணத் தெரியாதா?” வைக்கே பின் ஜன்னல் பக்கம் விளக்கைத் தூக்கிப் பார்த்தாள். சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். “அசந்து தூங்கறாங்க, ராய்வோ. எழுப்பாதே. தூங்கட்டும், விடு.”

நான் வண்டியை எடுத்தேன்.

வீட்டு வாசலில் மருத்துவச்சியின் காலணிகள் கிடந்தன. உள்ளே நுழைந்தபோது கைரி கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வியர்வையில் குளித்து, என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

“வந்துட்டீங்களா? மீன் ஏலம் முடிஞ்சுதா?”

நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் என் எலும்பு நொறுங்கும்படி பிடித்தாள். ஐந்து மணிக்குச் சற்று முன்னால் என் மகன் பிறந்தான். அடுப்படியிலிருந்து லோரே ஓடி வந்து, கட்டில் மேல் குனிந்து, தம்பியின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். “சிவப்பா இருக்குப்பா,” என்று கிசுகிசுத்தாள். “நல்லா சிவப்பா இருக்கு.”

எல்லோரும் குழந்தையைச் சூழ்ந்திருந்தார்கள். குழந்தைத் துணிப் பெட்டியை எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கோட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு, பொத்தான்கூடப் போடாமல் வெளியே வந்தேன்.

வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. முற்றத்தில் கார் நின்றது. அதன் பின்பக்கம் இன்னும் தாழ்ந்தே இருந்தது.

ஓடிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. வண்டியை அப்படியே கிடங்கில் பூட்டிவிடலாம், விற்றுவிடலாம், பொய் சொல்வது எனக்குப் புதிதில்லை. ஆனால் என் வீட்டுக்குள் இரண்டு பிள்ளைகள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். பெல்ட் பூட்டிய நிலையில் இருந்தவர் அவர்களில் ஒருத்தியை எனக்குத் திருப்பிக் கொடுத்திருந்தார்.

பின் கதவைத் திறந்தேன்.

உள்ளேயிருந்து வந்த குளிர் முழங்காலைத் தாக்கியது. இருக்கை நனைந்திருந்தது. பெல்ட் வளைந்து, இறுகி, காலியான இடத்தை அணைத்திருந்தது. அதன் மேல் உப்பு பூத்திருந்தது.

கதவருகே வெண்பனியில் மண்டியிட்டேன்.

“ஹில்யா அக்கா,” என்றேன். “எழுந்திரிங்க அக்கா. ஊர் வந்தாச்சு.”

பெல்ட் மூச்சு விடுவதை நிறுத்தியது.

“அன்னிக்கே எழுப்பியிருக்கணும். எழுப்பல. கேட்டவங்ககிட்டப் பொய்யும் சொன்னேன். மன்னிச்சிடுங்க.”

பூட்டின் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். அது அசையவில்லை. பனிக்கட்டி அதை உள்ளே பிடித்திருந்தது. விரல் ஒட்டிக்கொண்டு தோல் உரிந்தது. கையை எடுக்காமல் இரண்டு உள்ளங்கைகளாலும் அந்தப் பூட்டைப் பொத்திக்கொண்டு, குனிந்து அதன் மேல் ஊதினேன். என் உடம்பில் இருந்த சூடு அவ்வளவும் அங்கே போக வேண்டும் என்று ஊதினேன். உள்ளே என் மகன் அழுதான், நின்றான், மறுபடி அழுதான். என் விரல்கள் மரத்து, வலித்து, பிறகு வலியும் போய்விட்டது. உள்ளங்கையில் ஒரு துளி நீர் கசிந்தது.

அழுத்தினேன்.

டக்.

பெல்ட் துள்ளிப் பின்வாங்கவில்லை. யாரோ கையில் பிடித்து நிதானமாக விடுவது போல, விரல் விரலாகப் பின்னால் போய், தன் இடத்தில் அடங்கியது. வண்டி ஒருமுறை முனகி, பின்பக்கம் நிமிர்ந்தது. என் முகத்துக்கு முன்னால் காற்று அசைந்தது. நனைந்த கம்பளியின் வாடை என்னைக் கடந்து போனது.

தலை குனிந்து கண்ணை மூடிக்கொண்டேன். அவருக்காக ஜெபித்தேன், உர்மாஸுக்காகவும் ஜெபித்தேன். கண்ணைத் திறந்தபோது முற்றத்தில் வேறு எவரும் இல்லை. என் காலடித் தடங்களைத் தவிர வெண்பனியில் வேறு தடமும் இல்லை. நான் எழுந்து, அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்தினேன்.

படியேறும்போதுதான் கழுத்தில் இறுக்கம் தெரிந்தது.

என் கோட்டின் பொத்தான்கள், கழுத்து வரை, ஒன்று விடாமல் போடப்பட்டிருந்தன. எல்லாம் ஈரமாக இருந்தன. மேல் பொத்தானில் பச்சை நிறக் கம்பளி இழை ஒன்று சுற்றியிருந்தது.